தாளில் இல்லாத கத்தரிக்காய்

காலையில் பரண் மேலிருந்து உன் பிஸ்கட் டப்பாவை இறக்கினேன். உள்ளே நீ வாயில் வைத்து இழுக்கும் நீல நிற மருந்து, இரண்டு ஊக்கு, நான்காக மடித்த ஒரு தாள். தாளைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. உன் ஆஸ்துமாவுக்கு டாக்டரம்மா கொடுத்த தாள். பதினைந்து வருடத்துக்கு முன்னால் நான் உனக்குப் படித்துக் காட்டியது.

இப்போது எனக்கு உண்மையாகவே படிக்கத் தெரியும். நீ போன பிறகு முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். கண்ணில் படுகிற எழுத்து ஒன்றையும் விடுவதில்லை. நேற்று பஸ்ஸின் பலகையை ஒவ்வொரு எழுத்தாகப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. சரியாகப் படித்த சந்தோஷத்தில் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

அப்போது எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் நம் கல்யாணம் ஆன புதிதில், ஒரு புடவை முந்தானையில் மணப்பெண்ணின் பெயரைச் சரிகையில் நெய்தேன். கட்டம் போட்ட காகிதத்தைப் பார்த்து இழை எண்ணி நெய்தது. அது பெயரா, பூங்கொடியா என்று எனக்கே தெரியாது. நீ தெருவெல்லாம் போய் "எங்க வூட்டுக்காரரு எழுத்தையே நெய்யுறாரு" என்று சொல்லிவிட்டு வந்தாய். அதற்குப் பிறகு நான் எப்படி இல்லை என்பது?

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நினைவிருக்கிறதா? இரண்டு நாளாக உனக்கு இளைப்பு. கண்பட்டிருக்கிறது என்று தணலில் சாம்பிராணியைக் கை நிறைய அள்ளிப் போட்டேன். காற்று பட்டால் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் காய்ந்து இழை அறும் என்று நம் வீட்டில் ஜன்னலைத் திறப்பதே இல்லை. புகையில் உன் முகம் தெரியவில்லை. மூச்சு விசில் மாதிரி கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. ஆட்டோவில் என் மடியில் கிடந்தபோது உன் உதடு நீலமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் உனக்கு மூச்சு திரும்பிய பிறகு டாக்டரம்மா இந்தத் தாளை நீட்டினார்.

"மருந்து மட்டும் போதாதும்மா. வீட்டுல எதெது ஆகாதுன்னு இதுல இருக்குது. படிக்கத் தெரிஞ்சவங்க இருக்காங்களா?"

பேசவே முடியாத நீ அப்போதும் பேசினாய். "இவரு பொடவையிலயே எழுதுவாரும்மா!"

வீட்டுக்கு வந்ததும் கேட்டாய். "இன்னா மாமா போட்டிருக்குது? படி."

"இரு, கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியல."

"மூக்கு மேல இருக்குது."

வேறு வழியில்லை. வரி மேல் விரலை ஓட்டினேன். எனக்குப் பிடிக்காததெல்லாம் வாயில் வந்தது. "கத்தரிக்கா ஆகாது. கருவாடு ஆகாது. அண்ணன்காரன் பேசுனா ரொம்ப நேரம் கேக்கக் கூடாது."

"எங்க அண்ணனையா போட்டிருக்குது?"

"பேரு போடல. பொதுவா போட்டிருக்குது."

தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாய். மறுநாள், மாத்திரை வாங்க வேண்டும் என்று தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாய்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. "மாமா, தலகாணி உறைய வாரா வாரம் சுடுதண்ணில தோய்க்கணும்னு படிச்சியே, மறந்துட்டியா?"

"நானா?"

"நீதான்."

"ஆமாமா. கடைசி வரி."

பிறகு, தறிக்குழியில் கரப்பான்பூச்சி இருக்கக் கூடாது என்றும் நான்தான் படித்தேனாம். சுவரில் ஈரம் கூடாது, ஜன்னலைத் திறக்க வேண்டும் என்றும் படித்தேனாம். அப்போது மட்டும் சண்டை போட்டேன். "பாவு அறுந்துடும்!"

"இழை அறுந்தா முடிச்சு போடலாம் மாமா. மூச்சு அறுந்தா?"

ஜன்னலைத் திறந்தேன்.

சாம்பிராணிக்கு மட்டும் நீ தாளைப் பேச்சில் இழுக்கவில்லை. கடையில் சரக்கே வரவில்லை என்றாய். வருடக்கணக்கில் வரவில்லை. ஒருநாள் ஏகாம்பரநாதர் கோயில் பக்கம் ஒரு கடையில் குவித்து வைத்திருந்ததைப் பார்த்து ஓடிவந்தேன். "வந்துடுச்சும்மா!"

"அது கோயிலுக்குன்னு வந்தது" என்றாய், தறிக்கு நூல் தார் சுற்றுவதை நிறுத்தாமல்.

இன்று தாளைப் பிரித்துப் படித்தேன். அரை நாள் ஆனது. தலையணையில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் இருக்கின்றனவாம். இத்தனை காலம் அவற்றோடு படுத்திருக்கிறேன், யாரும் சொல்லவில்லை. அது கடைசி வரி இல்லை, முதல் வரி. அடுத்தது கரப்பான்பூச்சி. அப்புறம் ஈரச் சுவர். நான்காவது வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சாம்பிராணி, ஊதுபத்திப் புகை கூடவே கூடாது.

கத்தரிக்காய் எங்கும் இல்லை.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு படம். தலையணை. பத்துக் கால் கரப்பான். புகைகிற தூபக்கால். யாரிடமோ படிக்கச் சொல்லிக் கேட்டு, மறக்காமல் இருக்க நீ போட்டவை. தாளின் அடியில், ஒரு வரியும் இல்லாத இடத்தில், பெரிதாக ஒரு கத்தரிக்காய். அதற்கு மீசை வைத்திருக்கிறாய். என் மீசை. முறுக்கு கூடச் சரியாக இருக்கிறது.

ஆக, மறுநாளே உனக்குத் தெரியும். ஊரில் சொல்லியிருந்தால் நான் இந்தத் தெருவில் நடந்திருக்க முடியாது. உன் மூச்சையும் பார்த்துக்கொண்டாய், என் மீசையையும் பார்த்துக்கொண்டாய். நம் வீட்டில் கத்தரிக்காயே சமைக்கவில்லை. வாரம் ஒருமுறை ஓரிக்கையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு, வாயில் எண்ணெய் மினுங்கத் திரும்புவாய். "அண்ணன் பேச ஆரம்பிச்சதும் எழுந்து வந்துட்டேன் மாமா" என்பாய். நான் பெருந்தன்மையாகத் தலையாட்டுவேன்.

போன வருடம் காய்ச்சல்தான் உன்னைக் கொண்டுபோனது. உன் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்ட டாக்டர், "மூச்சு நல்லா இருக்குது" என்றார். அன்றைக்கு அதை என் சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

மத்தியானம் அந்தக் கத்தரிக்காய்க்குக் கீழே, மெதுவாக எழுதினேன்: "இது தாளில் இல்லை. நான் சொன்னது." கையெழுத்தும் போட்டேன். இதுவரை கைநாட்டு வைத்தவன் போட்ட முதல் கையெழுத்து, உனக்கு.

தலையணை உறையைத் தோய்த்துக் காயப் போட்டிருக்கிறேன். ஜன்னல் திறந்திருக்கிறது. உன் அண்ணன் எண்ணெய்க் கத்தரிக்காய் கொண்டுவந்து, ஒரு மணி நேரமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார். சாப்பிட்டுக்கொண்டே கேட்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.