அப்பா விரலைத் தூக்கிய பந்து

அன்பு மகனுக்கு அம்மா சொல்லி எழுதுவது. இங்கே மூன்று பேருக்கும் காய்ச்சல், இருமல் ஒன்றும் இல்லை, உடம்பை மட்டும் கேட்டால் நலம்தான். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். என் வலது ஆட்காட்டி விரலில் தையல் மிஷின் ஊசி ஏறிவிட்டது, பயப்படாதே, நகத்தோடு போயிற்று, ஆனால் பேனா பிடிக்க வரவில்லை. அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதடி என்றால் முடியாது என்கிறாள், கடிதம் என்றால் ஒழுங்கான தமிழில்தான் இருக்க வேண்டுமாம், நம் வீட்டு வாத்தியாரம்மாவை எதிர்த்துப் பேச எனக்கு எங்கே படிப்பிருக்கிறது. மற்றவர்கள் வாயில் வந்ததை மட்டும் வந்தபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன், அதற்குச் சம்மதித்துவிட்டாள். அப்பாவுக்கு இந்தக் கடிதம் பற்றித் தெரியாது.

அப்பாவைப் பற்றி நீ இவளிடம் போனில் சொன்னதை இவள் இரண்டு நாள் மென்று விழுங்கிவிட்டுக் கடைசியில் என்னிடம் சொன்னாள். "அவர்கிட்ட போனைக் குடுக்காத. நெட்டையன் வாழ்க்கையையே கெடுத்துட்டாரு. இனிமே அவர்கிட்ட எனக்குப் பேச ஒண்ணுமில்ல" என்று சொன்னாயாம். உன் கோபம் நியாயமில்லை என்று சொல்ல நான் வரவில்லை. நெட்டையன் உன்னோடு ஒரே மட்டையை மாற்றி மாற்றிப் பிடித்து வளர்ந்தவன், எனக்கும் அவன் இன்னொரு பிள்ளை மாதிரித்தான். ஆனால் அங்கே உனக்கு வந்தது அந்த வீடியோ மட்டும்தான். மட்டைக்கும் பந்துக்கும் நடுவே ஒரு கை போகிற அளவு வெளிச்சம் தெரிகிறது, அம்பயராக நிற்கிற அப்பா அவுட் என்று விரலைத் தூக்குகிறார், அவ்வளவுதான் அதில் இருக்கிறது. மீதியையும் கேட்டுவிட்டு நீ என்ன முடிவு எடுத்தாலும் எடுத்துக்கொள்.

அந்தப் பெரிய கம்பெனி தன் கிரிக்கெட் அணிக்கு ஆள் எடுப்பது உனக்குத் தெரியும், அணியில் சேர்ந்தால் நிரந்தர வேலையும் உண்டு. நெட்டையனுக்கு வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது, அடுத்த வருடம் எத்தனை நன்றாக ஆடினாலும் அவனைப் பார்க்க மாட்டார்கள். டயர்க்கடையில் லீவு சொல்லிவிட்டு வந்து தேர்வு ஆட்டத்தில் ஆடினான். நானும் இவளும் போயிருந்தோம். என்ன ஆட்டம் ஆடினான் தெரியுமா, ஆள் தேர்வு செய்ய வந்தவர்கள் டீ கப்பைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அப்போது வேகப்பந்து ஒன்று எழும்பி அவன் மட்டையைத் தாண்டிப் போனது, கீப்பர் பிடித்தான், எல்லோரும் கையைத் தூக்கிக் கத்தினார்கள். நெட்டையன் கண்ணில் தூசி விழுந்திருக்கிறது. கையுறையைக் கழற்றிக்கொண்டு துண்டு கேட்பதற்காக எங்கள் பக்கம் நடந்து வந்தான். அவன் மட்டையில் பட்டால் அம்பயரைப் பார்க்காமல் தானே வெளியே போகிறவன் என்பது உனக்குத் தெரியாதா, உங்கள் இரண்டு பேருக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தவரே அப்பாதானே. அவன் நடந்ததை அப்பா பார்த்தார், விரலைத் தூக்கிவிட்டார். நெட்டையன் கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் விரல் மேலே இருக்கிறது. "விரல் மேல போயிட்டா வாய் கீழ போயிடணும்" என்று அப்பா சொல்வாரே, அதன்படி ஒரு வார்த்தை பேசாமல் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டான். பந்து மட்டையில் படவில்லை என்று எதிரணித் தலைவனுக்குத் தெரியும், அவன் குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்துவிட்டான்.

அப்பாவுக்குக் காது கேட்கவில்லை, கண்ணா. பட்டறையில் தகடு அடிக்கிற பிரஸ் மிஷின் பக்கத்தில் இத்தனை வருடம் நின்றதில் வலது காது போய்விட்டது, இடது காதில் பக்கத்தில் போய்க் கத்தினால் கொஞ்சம் விழும். எனக்கே இரண்டு வருடமாகச் சந்தேகம்தான், டிவியை அலற வைக்கும்போது கிரிக்கெட் பைத்தியம் முற்றிவிட்டது என்று கேலி செய்துகொண்டிருந்தேன். வெளிநாட்டு டெஸ்டில் நம் தொடக்க ஆட்டக்காரனை மூன்றாவது அம்பயர் அவுட் கொடுத்தாரே, அந்தச் சத்தம் காட்டுகிற கோடு அசையவே இல்லை, பந்து திசை மாறியது என்று கொடுத்தாரே, அன்றைக்கு நான் போட்ட சண்டை உனக்கும் போனில் கேட்டிருக்கும். "சத்தமே வரல, எதை வெச்சுக் குடுத்தான் கடன்காரன்" என்று நான் கத்த, அப்பா அமைதியாக, "சத்தத்தை விடு. பந்து வளைஞ்சுது, கண்ணால பாத்தாரு, குடுத்தாரு. கண்ணு போதும்" என்றார். நம் ஆட்டக்காரனை விட்டுவிட்டு அம்பயர் கட்சியில் சேர்ந்துவிட்டாரே என்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் யாருக்காக வாதாடினார் என்று இப்போதுதான் புரிகிறது. மட்டை விளிம்பில் பந்து உரசுகிற சத்தம் கேட்காமல் போனபிறகு ஆட்டக்காரன் முகத்தையும் நடையையும் பார்த்தே இத்தனை நாள் தீர்ப்புச் சொல்லி வந்திருக்கிறார். நெட்டையன் நடந்தால் அது அவுட்தான் என்று நம்பியிருக்கிறார். வேறு யார் நடந்திருந்தாலும் ஒருவேளை யோசித்திருப்பார்.

வீடியோ ஊரெல்லாம் சுற்றியதும் கிரிக்கெட் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு மெதுவாக, "சத்தம் கேட்டுச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. யாரு வந்து உங்க காதுக்குள்ள பாக்கப்போறா?" என்றார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் பழக்கத்தில் அவர் இடது பக்கம் குனிந்து அதை உரக்கத் திருப்பிச் சொன்னேன். செயலாளருக்கு முகம் மாறிவிட்டது. என் வாயாலேயே காட்டிக்கொடுத்துவிட்டேன். அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை, இரண்டு வருடத்துத் தீர்ப்பையெல்லாம் கிளறுவார்கள், சங்கமே சந்தி சிரிக்கும் என்ற பயம் அவருக்கு. எனக்கோ வேறு பயம். பிரஸ் மிஷின் ஓடத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் எச்சரிக்கை மணி அடிக்கும், அது காதில் விழாத ஆளை மிஷின் பக்கமே விடமாட்டார்கள். அதனால் உன் அம்மா என்ன சொன்னேன் தெரியுமா, "எழுதிக் குடுத்துடுங்க, நமக்கெதுக்கு வம்பு" என்றேன். டிவி முன்னால் உட்கார்ந்து ஊரில் இருக்கிற அம்பயரையெல்லாம் நாண்டுகொண்டு சாகச் சொன்ன நான்தான் சொன்னேன். அப்பா சிரித்தார். "டிவில பாக்குறப்போ நீ என்ன கேப்ப? தப்புன்னு தெரிஞ்சும் ஒத்துக்க மாட்டேங்குறானே, இவன்லாம் மனுஷனான்னு கேப்பல்ல?" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு சங்கத்துக்குப் போனார். எனக்குக் காது கேட்காது, பந்து மட்டையில் பட்டதா என்று எனக்குத் தெரியாது, பையன் நடந்ததைப் பார்த்துத்தான் விரலைத் தூக்கினேன், அவனுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார்.

அப்படிச் சொன்னால் நெட்டையனுக்கு வழி பிறக்கும் என்று அவர் நினைத்தார். பிறக்கவில்லை. மைதானத்தில் கொடுத்த தீர்ப்பு கொடுத்ததுதான், பெயர்கள் மேலே போய்விட்டன என்று கம்பெனிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். பட்டறைக்கு மட்டும் செய்தி அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் காலை ஃபோர்மேன் அவரை மிஷின் பக்கம் போகவிடவில்லை. டாக்டர் ரிப்போர்ட் வரும்வரை ஸ்டோரில் உட்கார்ந்து நட்டு, போல்ட் பிரித்துப் போடும் வேலை. அங்கேயும் இளசுகள் சும்மா இருக்கிறார்களா, பின்னால் நின்று அவுட் கேட்பது மாதிரி "ஹவ் ஈஸ் தட்" என்று கத்திப் பார்க்கிறார்களாம், திரும்புகிறாரா என்று. அவருக்குக் கேட்காதது அந்த ஒன்றில் மட்டும் நல்லதாகப் போயிற்று.

இதில் உன் தங்கை வேறு. படிப்பாளியாயிற்றே, பள்ளி நூலகத்தில் கிரிக்கெட் விதிப் புத்தகத்தைத் தேடி எடுத்து வந்து, பெரிய கண்டுபிடிப்பு மாதிரி ஓடி வந்து காட்டினாள். அவுட் என்று கொடுக்காதபோது ஆட்டக்காரன் தான் அவுட் என்று தப்பாக நினைத்துக்கொண்டு நடந்தால் அம்பயர்தான் குறுக்கிட்டு அவனைத் திரும்பக் கூப்பிட வேண்டுமாம், கொடுத்த தீர்ப்பைக்கூட உடனே என்றால் மாற்றிக்கொள்ளலாமாம். அப்பா அதை வாங்கிப் படித்தார், அந்தப் பக்கத்திலேயே வெகுநேரம் இருந்தார். இவள் மாற்றலாம் என்கிற இடத்தைக் காட்டத்தான் கொண்டு வந்தாள், உடனே என்கிற சொல்லும் அங்கேயே இருந்ததை அவர் படித்த பிறகுதான் கவனித்தாள். இதை எழுதும்போது இவள் பேனா நிற்கிறது, எழுதடி, உன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

நெட்டையன் வந்தான். உள்ளே வா என்றேன், வரவில்லை, வாசல்படியிலேயே நின்றான். அப்பா எதிரே போய் நின்றார். "காது கேக்கலன்னு தெரிஞ்சும் ஏன் மாமா வந்து நின்னீங்க? வேற ஆளா இல்ல?" என்று கேட்டான். உதட்டைப் பார்த்தே அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அவன் கேட்டது சரியான கேள்வி. அந்த அம்பயர் வெள்ளைக் கோட்டைக் கழற்றினால் தான் செவிடன் என்று தானே ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று தள்ளிக்கொண்டே போயிருப்பார், இதுதான் எனக்குத் தோன்றுகிற காரணம், ஆனால் டயர்க்கடைக்குத் திரும்பிப் போகிறவனிடம் அதைச் சொல்லி என்ன பயன். படியிறங்கிப் போய்விட்டான். அவன் மன்னித்தான் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

சொந்த மண்ணிலேயே நம் அணி தொடரை முழுசாகக் கோட்டை விட்டதற்கு ஒப்பாரி வைத்த வீடா இது என்று இருக்கிறது. அம்பயர் தீர்ப்பை டிவியில் மறுபரிசீலனை செய்கிற முறையே வேண்டாம் என்று வருடக்கணக்கில் அடம்பிடித்ததும் நம் ஆட்கள்தான், பிறகு ஒவ்வொரு தீர்ப்புக்கும் கண்ணீர் விட்டதும் நாம்தான். இப்போது டிவியில் ஆட்டம் ஓடினால் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டேன், இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று. அன்றைக்கு ஒரு எல்பிடபிள்யூ, பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே போவது எனக்கே தெரிகிறது, அவுட் கொடுத்துவிட்டார். வாயைத் திறந்தேன். பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். மூடிக்கொண்டேன்.

நான் சொல்ல வந்தது இதுதான். போனை எடுத்ததும் "சரிப்பா, சரிப்பா" என்று இரண்டு வார்த்தையில் என்னிடம் நீட்டிவிடுகிறார் என்று உனக்கு வெகுநாளாக மனத்தாங்கல். வேலை போய்விட்டது என்று நீ அழாத குறையாகச் சொன்னபோது "ரொம்ப சந்தோஷம்" என்றாரே, அதை நீ இன்றும் மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கு நீ பேசியதில் ஒன்றுகூட விழவில்லை, கண்ணா. உன் குரல் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று அவருக்குத்தான் தெரியும். பிள்ளை நல்ல செய்திதான் சொல்வான் என்று குத்துமதிப்பாகச் சந்தோஷம் என்றிருக்கிறார். நீ சொன்னது என்னவென்று இப்போதுதான் எழுதிக் காட்டினேன், அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. இதையெல்லாம் உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார், அதைத்தான் இப்போது மீறுகிறேன்.

அதனால் போன் செய்யாதே. அவரிடம் இருக்கிற பட்டன் போனில் தமிழ் எழுத்தும் வராது. காகிதத்தில் எழுது. சமாதானமாக எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை, நெட்டையனுக்காகத் திட்டுவதானாலும் எழுதித் திட்டு. கேட்காதவரிடம் பேச மாட்டேன் என்று சொல்வதில் என்ன தண்டனை இருக்கிறது, அது அவருக்குத் தெரியவே தெரியாது.

நீ எங்கிருந்தாலும் உன் கையும் காலும் திடமாக இருக்கட்டும், நினைத்த இடத்துக்கு வந்து சேர், எங்கள் ஆசி எப்போதும் உன் பக்கம்தான். ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு தூங்குகிறாய் என்று இவள் சொல்கிறாள், அதை முதலில் நிறுத்து. முக்கியமாக, உறையின் மேல் அப்பா பெயரை மட்டும் போடு, என் பெயர் வேண்டாம். தபால்காரர் மணி அடித்தால் அவருக்குக் கேட்காது, நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் இருக்க மாட்டோம், ஆனாலும் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போவார். அவரே பார்த்து எடுப்பார். கண்ணில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

உன் பதிலை அவர் கையில் பார்க்கக் காத்திருக்கும்,
அம்மா
(சொன்னது அம்மா, எழுதியது தங்கை)