இன்னும் ஒரே ஒரு ரவுண்டு

அண்ணனுக்கு,

நீ அனுப்பிய பூங்கொத்தைக் குப்பையில் போட்டுவிட்டேன். கட்டணமில்லாமல் பார்க்கிற சேனலுக்குக் குத்துச்சண்டையைத் திரும்பக் கொண்டுவந்தவன் என்று பிலடெல்பியா பத்திரிகைகள் உன்னைத் தூக்கிவைத்து ஆடுகின்றன. ஆடட்டும்.

அன்று நீ நடத்திய சண்டையில் ஆறாவது சுற்று முடிந்து என் கணவர் கார்னெல் முக்காலியில் சரிந்தபோது, பயிற்சியாளர் துண்டை வீசிச் சண்டையை நிறுத்தப் போனார். நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"இப்ப நிறுத்தினா மீதி நேரத்துக்கு டிவில என்னத்தய்யா காட்டுறது? விளம்பரக்காரன் என்னைத் தொலைச்சுடுவான். இன்னும் ஒரே ஒரு ரவுண்டு!"

உன் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன்.

அடுத்த சுற்றில் விழுந்தவருக்கு இப்போது நான்தான் சூப் ஊட்டுகிறேன். என் பெயர் அவருக்கு வரவில்லை. நீயோ போனில், "சனிக்கிழமை அவனைச் சக்கர நாற்காலியில கூட்டிட்டு வா. கேமரா காட்டினா ஜனம் எழுந்து கைதட்டும்" என்கிறாய்.

வரமாட்டோம். நேற்று பயிற்சியாளர் வீட்டுக்கு வந்து அழுதார். இருவருமே குத்துச்சண்டை ஆணையத்துக்குப் போய், நீ சொன்னதை அப்படியே சொல்லிவிட்டு வந்தோம். உன் உரிமத்தை நிறுத்திவிட்டார்களாம். சனிக்கிழமை நிகழ்ச்சி கிடையாது.

அம்மாவிடம் மட்டும் நான் எதுவும் சொல்லவில்லை. அதை நீயே போய்ச் சொல்.

உன்னோடு பிறந்து தொலைத்தவள்