உன் அப்பாவின் பெயரைக் கேட்டாய்

ரங்கூன்
தை மாதம், கடைசி வெள்ளி

அன்புள்ள மகன் சிவானந்தனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா லதாவும் அவள் பிள்ளைகளும் சுகம் என்று எழுதக்கூடிய அளவுக்குச் சுகமாக இருக்கிறோம். உன் உடம்பும் உன் கால்களும் நன்றாக இருக்க வேண்டும், கால்களைத் தனியாகச் சொல்வது நீ நாள் முழுவதும் நடக்கிற பிள்ளை என்பதால். போன திங்கட்கிழமை கூப்பிட்டபோது நீ என்னிடம் ஒன்று கேட்டாய். தமிழில் அதற்குச் சொல் அகப்படாமல் பர்மியத்தில் கேட்டாய். அப்பா இறந்து வருடம் நிறையப் போகிறது, எங்கள் ஆலயத்தில் அவர் பெயரைச் சொல்லி அவருக்குப் பதிலாக ஒருவர் தண்ணீரில் மூழ்கி எழுந்தால் அந்த ஞானஸ்நானம் அப்பாவுக்குப் போய்ச் சேரும், மனைவி உயிரோடு இருந்தால் அவளுடைய சம்மதம் வேண்டும் என்பது எங்கள் சபையின் முறை, சம்மதம் தருவாயா அம்மா என்று கேட்டாய். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், பொங்கிவிடும் என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, அன்றைக்குக் கரண்டும் இல்லை. உனக்குப் பதில் சொல்ல வேண்டும், அதை போன் திரையில் உன் பக்கத்திலேயே இருக்கிற உன் ஊழியக் கூட்டாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாது, அதனால்தான் கையால் எழுதுகிறேன். லதா இதைப் படம் எடுத்து அனுப்புவாள். தமிழ் படித்து உனக்கு வெகு நாளாயிற்று, அவசரப்படாமல் நிறுத்தி நிறுத்திப் படி. அந்தப் பிலிப்பைன்ஸ் தீவுக்குப் போய்ச் சில மாதத்திலேயே அவர்கள் மொழியில் பிரசங்கம் செய்யத் தொடங்கிவிட்டாய், உன் அம்மாவின் மொழியை எழுத்துக் கூட்டியாவது படிக்க முடியாமல் போகாது.

உன் கூட்டாளியை நான் குறை சொல்லவில்லை. தோங்கா தீவுப் பிள்ளை, கதவு உயரம் இருக்கிறான், என்னைப் பார்த்ததும் வணக்கம் மம்மி என்று கை கூப்புகிறான், நீதான் சொல்லிக் கொடுத்திருப்பாய். ஊழியத்தில் இருப்பவர் தனியாக இருக்கக் கூடாது, ஒருவர் கண்ணில் மற்றவர் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது உங்கள் ஒழுங்கு. அதனால் நீ போன நாளிலிருந்து நான் என் மகனோடு தனியாக ஒரு வார்த்தை பேசியதில்லை. முன்னே ஒரு அமெரிக்கப் பையன் இருந்தான், அவனுக்கு முன்னே இன்னொருவன், இப்போது இவன். இவர்களுக்குத் தமிழ் தெரியாதே அம்மா, நீ பாட்டுக்குப் பேசு என்கிறாய். ஒருத்தி அழுவதைப் பார்க்க அவள் பாஷை தெரிய வேண்டியதில்லை தம்பி. திங்கட்கிழமை உங்களுக்கு ஓய்வு நாள் என்கிறாய், அன்றைக்குத்தான் துணி துவைக்கிறீர்கள், தலைமுடி வெட்டுகிறீர்கள், சந்தைக்குப் போகிறீர்கள், உங்கள் சபை முற்றத்தில் பந்து விளையாடுகிறீர்கள், எல்லாம் முடிந்து மீதி இருக்கிற நேரத்தில் அம்மாவைக் கூப்பிடுகிறாய், சாயங்காலம் ஆனதும் திரும்பவும் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு கதவு தட்டப் போய்விடுகிறாய். யார் கதவைத் திறந்தார்கள், யார் நாயை அவிழ்த்து விட்டார்கள், யார் வருகிற ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்கள் என்று எல்லாம் சொல்கிறாய். எத்தனையோ வீட்டுப் பெண்களின் கஷ்டம் எனக்கு உன் வாயால் தெரியும். ஒரு கிழவிக்கு நீங்கள் இருவரும் தண்ணீர் சுமந்து கொடுத்ததைச் சொன்னாய், கேட்டுச் சந்தோஷப்பட்டேன். இங்கே ஆறாவது மாடிக்கு எனக்குத் தண்ணீர் ஏறாத நாளில் லதாவின் வீட்டுக்காரர்தான் கீழேயிருந்து சுமக்கிறார். அவர் யாருடைய சபையிலும் இல்லை.

உன்னை இந்த ஊழியத்துக்கு அனுப்பியது நாங்கள்தான், அதை நான் மறுக்கவில்லை. நீ மோர்மன் என்கிற அந்தக் கிறிஸ்தவச் சபையில் சேர்ந்தது அவர்கள் நடத்திய இங்கிலீஷ் வகுப்புக்குப் போன வழியில், அந்தப் பெயரை இப்போது சொல்லக் கூடாது என்கிறாய், முழுப் பெயர் என் வாயில் நுழையவில்லை, பொறுத்துக்கொள். பிள்ளைகளைக் கட்டாயமாகப் பட்டாளத்தில் சேர்க்கிற சட்டம் வந்த மாதம் நம் தெருவில் வயதுப் பிள்ளை இருக்கிற வீடுகளில் ராத்திரி யாரும் தூங்கவில்லை, வார்டு ஆபீசில் பெயர் குலுக்கிப் போடுகிறார்கள் என்றால் எந்த அம்மாவுக்குச் சோறு இறங்கும். அந்த நேரத்தில்தான் பிலிப்பைன்சுக்கு உனக்கு அழைப்பு வந்தது. உனக்கு அது ஆண்டவர் கூப்பிட்டது. எங்களுக்கு அது திறந்திருந்த ஒரே கதவு. இரண்டும் உண்மைதான் என்று உன் அப்பா சொன்னார், அவர் அப்படித்தான், ஒருவர் மனமும் நோகாமல் பேசுவார். நீ டீ குடிப்பதை விட்டபோது டீக்கடையில் அவருடைய கூட்டாளிகள், என்னய்யா நல்லப்பா, டீ குடிக்காத சாமி எந்த ஊரு சாமிய்யா என்று கிண்டல் செய்ய, அது சர்க்கரை வியாதிக்காரன் சாமிடா, ஒனக்கும் அதுதான் நல்லது, வந்து சேந்துக்க என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தார். அதன் பிறகு நீ இல்லாமல்தான் டீக்கடைக்குப் போனார், மகனோடு டீக்கடையில் உட்காராத அப்பன் இந்த ஊரில் உண்டா.

விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் எழுதச் சொன்னார்கள் என்று நீ வந்து நின்றது நினைவிருக்கிறதா. நமக்கு ஏது குடும்பப் பெயர், பர்மாக்காரர்களுக்கும் கிடையாது. அப்பா பெயரைப் போட்டுவிடு, எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று நான்தான் சொன்னேன். அது எங்கே போய் ஒட்டும் என்று யாருக்குத் தெரியும். நீ அங்கே இறங்கி முதல் படம் அனுப்பியபோது உன் சட்டைப் பையின் மேல் கறுப்புப் பட்டையில் எல்டர் நல்லப்பன் என்று இருந்தது, எல்டர் என்பது உங்கள் ஊழியக்காரருக்குக் கொடுக்கிற பட்டமாம். உன்னை யாரும் சிவானந்தன் என்று கூப்பிடுவதில்லை, தெருவில் பிள்ளைகள்கூட நல்லப்பன், நல்லப்பன் என்றுதான் கத்துகின்றன. உன் அப்பா அந்தப் படத்தை டீக்கடை முழுவதும் காட்டினார். ஹார்பர் கிடங்கில் முப்பது வருடம் அடுத்தவன் மூட்டைக்குப் பெயர் எழுதினேன் மங்கலம், இப்ப எம்பேரு நான் போகாத தீவுல ஊரு சுத்துது என்றார். அந்தப் பெயரைச் சொல்லித்தான் உனக்குக் கதவு திறக்கிறார்கள், அந்தப் பெயரைச் சொல்லித்தான் சாத்தவும் செய்கிறார்கள். ஆக அவர் பெயர் ஏற்கெனவே உங்களிடம்தான் இருக்கிறது தம்பி, அதற்கு யாரும் என்னிடம் சம்மதம் கேட்கவில்லை.

அவர் இறந்த அன்று வராதே என்று உன்னிடம் சொன்னதும் நான்தான். வந்தால் திரும்பிப் போக முடியாது, விமான நிலையத்திலேயே மறித்தாலும் மறிப்பார்கள், புருஷனைக் கொடுத்த வாரத்தில் பிள்ளையையும் கொடுக்க எனக்குத் தெம்பு இல்லை. ஆகவே நீ வராததில் எனக்கு வருத்தம் கிடையாது, அதை மறுபடியும் எழுதுகிறேன், வருத்தம் கிடையாது. யேவே சுடுகாட்டில் உன் அக்கா கொள்ளி வைத்தாள். பூசாரி, பொட்டப் புள்ள கொள்ளி வைக்கிறதா, பங்காளி வகையில ஆம்பள யாரும் இல்லியா என்று முணுமுணுத்தார். ஆம்பளைங்க இருந்தா புடிச்சிட்டுப் போறாங்க, இல்லாட்டி ஓடிப் போறாங்க பூசாரி மாமா, மிச்சம் நான்தான், நெருப்பக் குடுங்க என்றாள் லதா. அவளுக்குத் தமிழே சரியாக வராது என்று நீ கேலி செய்வாயே, அன்றைக்கு வந்தது. என் வருத்தம் வேறு. வாரா வாரம் உன்னைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் இங்கிலீஷில் ஒரு கடிதம் அனுப்புகிறாயே, அன்புள்ள அனைவருக்கும் என்று தொடங்குவது, அது எனக்கும் வருகிறது, அந்த அனைவரில் நானும் ஒருத்தி. அந்த வாரத்துக் கடிதத்தை லதா எனக்குப் படித்துக் காட்டினாள். இது சோதனையான வாரம், என் தந்தை காலமானார், ஆனாலும் இரண்டு பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள், அற்புதமான வாரம் என்று எழுதியிருந்தாய். அதன் கீழே, நடந்து நடந்து அடி பிய்ந்துபோன உன் சப்பாத்தின் படம். அப்பாவுக்கு ஒரு வரி, சப்பாத்துக்கு ஒரு படம். லதா படிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், பிள்ளை அழக் கூடாதென்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று நான் உனக்காகப் பேசினேன்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் நான் பாடம் நடத்துகிற வகுப்பில் பெயர் கூப்பிடும்போது வராத பையனுக்குப் பதிலாக அவனுடைய சிநேகிதன் குரலை மாற்றிக்கொண்டு ஷிபாடே, இருக்கிறேன் என்று சொல்வான். எந்த வருடமும் இப்படி ஒருவன் இருப்பான், அவனைப் பார்த்தால் எனக்குக் கோபமே வராது, சிநேகிதன் அடி வாங்கக் கூடாதே என்கிற அன்புதான் அது. ஆனாலும் நான் வந்ததாகக் குறித்ததில்லை. பெஞ்சு காலியாக இருக்கிறது, வராதவன் எங்கோ மாங்காய் அடித்துக்கொண்டிருக்கிறான், இங்கே அவன் பெயரில் யாரோ இருக்கிறேன் என்கிறான். உன் ஆலயத்தில் அப்பா பெயருக்கு யாரோ ஒரு பிள்ளை தண்ணீரில் மூழ்குவதும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. நீங்களும் திதி கொடுக்கிறீர்களே, அதுவும் செத்தவருக்காக உயிரோடிருப்பவர் செய்வதுதானே என்று நீ கேட்பாய், கேட்கத் தெரிந்த பிள்ளைதான். திதியில் அவருக்குச் சோறு வைக்கிறோம் தம்பி. அவர் எப்படி இருந்தாரோ அப்படியே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம், அவரை இன்னொரு ஆளாக மாறிவிட்டு வா என்று நாங்கள் சொல்வதில்லை.

இன்னும் ஒன்று சொன்னாய். இங்கே நாம் செய்தாலும் மறு உலகத்தில் அப்பா இஷ்டம்தான், ஏற்கலாம், மறுக்கலாம், யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள் என்றாய். இதை நான் கீழ் வீட்டு சுல்தான் பீவியிடம் சொன்னேன். அவள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, செத்தவங்களக்கூட விட மாட்டாங்களா டீச்சரம்மா ஒங்க மவன் ஆளுங்க, நல்லப்பண்ணன் மறுப்பாராக்கும், அங்கயும் கயித்த எறக்கிடுவாரு என்றாள். நான் அன்றைக்குத்தான் வெகு நாளைக்குப் பிறகு சிரித்தேன், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது, ஏனென்றால் அவள் சொன்னது நிஜம். உனக்கே தெரியும், நம் மாடத்திலிருந்து தெருவுக்குத் தொங்குகிற கயிறு பேப்பர் வாங்கத்தான் கட்டியது. கூடைக்காரிகள் வேறு எந்த மாடிக்கும் குரல் கொடுக்க மாட்டார்கள், நேரே நம் மாடத்தின் கீழே வந்து நின்று ஊலே, ஊலே என்பார்கள், மாமா என்று கூப்பிட்ட பிறகு உன் அப்பாவால் சும்மா இருக்க முடியுமா, கயிறு இறங்கும், பழுக்காத கொய்யாவும் பழுத்து நொந்த பப்பாளியும் மேலே வரும். வேண்டாம் என்கிற சொல் அந்த மனிதருக்கு வரவே வராது. அந்த வேலை கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னுடையது. அவர் சரி என்று சொல்லிவிட்டு வந்ததற்கெல்லாம் பின்னால் போய் வேண்டாம் என்று சொல்லி ஊரில் கெட்ட பெயர் வாங்கியவள் நான். உங்கள் ஊழியக்காரப் பிள்ளைகள் அந்த உலகத்தில் அவர் வாசலிலும் வந்து தட்டினால், அதிலும் உங்கள் மகன் அனுப்பினான் என்று அவரிடம் சொன்னால், அவர் நம்பிச் சம்மதிக்க மாட்டார், நீ கேட்டாயே என்று சம்மதிப்பார். அதை ஞானஸ்நானம் என்று எழுதிக்கொள்ள உனக்கு மனம் வரலாம். எனக்கு வராது. ஆகவே என் சம்மதம் இல்லை. எனக்குப் பிறகு என் பெயருக்கும் இதே பதில்தான், அதை லதாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ கோபப்பட மாட்டாய், கோபப்படக் கூடாது என்பதும் உங்கள் ஒழுங்கில் இருக்கும். அன்பினால்தானே அம்மா கேட்டேன், அப்பாவோடு நாம் எல்லாரும் என்றைக்கும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டாமா என்பாய். அன்பில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் திங்கட்கிழமை நீ என்ன கேட்டாய் என்று யோசித்துப் பார். அப்பாவின் முழுப் பெயர் கேட்டாய், பிறந்த தேதி கேட்டாய், பிறந்த ஊர் பெகுவா தட்டோனா என்று கேட்டாய், இறந்த தேதியை நீயே சொன்னாய். ஒரு வருடமாக எத்தனையோ திங்கட்கிழமை வந்து போயிற்று, அப்பா எப்படிப் போனார் என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டார், யார் பக்கத்தில் இருந்தார்கள், கடைசியாக யார் பெயரைச் சொன்னார், ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, கேட்காத பிள்ளைக்குப் பாடம் நடத்திப் பயன் இல்லை என்பது என் வேலையில் நான் கற்றது. இந்தக் கடிதத்திலும் அதை எழுத மாட்டேன்.

மாசியில் திதி வருகிறது, லதாவே கொடுக்கிறாள், நாள் கேட்கப் போனபோது இந்தத் தடவை பூசாரி முணுமுணுக்கவில்லை. உன் ஊழியம் சீக்கிரம் முடிகிறது, எந்த ஊருக்கு டிக்கெட் என்று கேட்பார்கள், ரங்கூன் என்று மட்டும் சொல்லிவிடாதே, அங்கேயே படிக்க வழி உண்டா என்று உங்கள் பெரியவர்களிடம் இப்போதே பேசு. வெறும் வயிற்றோடு வெயிலில் நடக்காதே, உபவாச ஞாயிற்றுக்கிழமையில் தண்ணீரையும் விடுகிறாயாம், அதில் மட்டும் உடம்பைப் பார்த்துக்கொள். எந்தச் சாமி பெயரைச் சொன்னாலும் சரி, உனக்கு ஒரு குறையும் வராமல் நீ நல்ல ஆயுளோடு, நல்ல சொல்லோடு இருக்க வேண்டும் என்று இந்த அம்மா வேண்டிக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று செய். இந்த வாரம் நீ தட்டுகிற கதவுகளில் ஏதாவது ஒன்றைப் புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண் திறப்பாள். புத்தகத்தைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, உங்கள் வீட்டுக்காரர் எப்படிப் போனார் என்று மட்டும் கேட்டு, அவள் சொல்லி முடிக்கும் வரை வாய் திறக்காமல் உட்கார்ந்து பார்.

இப்படிக்கு,
உன் அம்மா
மங்கலம் நல்லப்பன்