மருந்து கிடைக்கவில்லை என்று நீ சொன்ன நாள்

கொண்டப்பநாயக்கன்பட்டி,
ஆவணி முதல் வாரம்.

அன்பு மகள் சௌமியாவுக்கு அம்மா பழனியம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கப்பாவும் மாடு கன்றுகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, முகத்தில் சிரிப்பு மாறாமல் இருக்க வேண்டுமென்று மாரியாத்தாளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை ஆரம்பித்தால் உங்கப்பா பிடுங்கிக்கொண்டு, அங்கே மழையா, டீசல் என்ன விலை என்று கேட்டே நேரத்தைத் தீர்த்துவிடுகிறார். போர் போடுகிற ரிக் வண்டியை விற்று ஆறு வருசம் ஆகியும் அந்த மனுசனுக்கு டீசல் கவலை தீரவில்லை. போன மாதம் உன்னால் இந்த வீட்டில் நடந்த கூத்தை உனக்கு யாரும் முழுசாகச் சொல்லவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், பருப்புப் பொடிப் பொட்டலத்தோடு இதையும் சேர்த்து அனுப்புகிறேன்.

அன்றைக்கு நீ என்னோடு பேசிக்கொண்டே இருந்தவள் நடுவில் மாப்பிள்ளையிடம் திரும்பி, "ஏனுங்க, அந்த மருந்து எங்கயுமே கெடைக்கலீங்க, மூணு மாசமாத் தேடறேன், இனி மாத்து மருந்துதான் போட்டுப் பாக்கோணும், எடுத்த எடுப்புல முழுசாப் போட்டா ஆபத்து, கொஞ்சத்துல ஆரம்பிச்சுத்தான் ஏத்தோணும்" என்று சொன்னாய். சொல்லிவிட்டு அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாய். எனக்குக் கையில் இருந்த கரண்டி எண்ணெயில் விழுந்துவிட்டது. பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த உங்கப்பாவும் கேட்டுவிட்டார். மூன்று மாதமாக மருந்து கிடைக்காத நோய் என்றால் அது என்ன நோய் சாமி? மறுநாள் நானே கூப்பிட்டு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன், நல்லா இருக்குங்கம்மா என்று சிரித்தாய். உடனே உங்கப்பா, "பாத்தியா, சிரிச்சு மறைக்கிறா. தோண்டிக் கேட்டா அழுதுபோடுவா, நீ கேக்காத" என்று என் வாயை அடைத்துவிட்டார். அதோடு விட்டாரா, அஸ்தம்பட்டியில் நமக்குப் பழக்கமான டாக்டரிடம் என்னையும் இழுத்துக்கொண்டு போய் மாற்று மருந்து எழுதித் தரச் சொன்னார். டாக்டர் என்ன நோய் என்றார், தெரியாதுங்க. சரி, சாப்பிட்டுக்கொண்டிருந்த மருந்தின் பேர் என்ன என்றார், அதுவும் தெரியாதுங்க. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நோயும் தெரியாது, மருந்தும் தெரியாது, புள்ளை இருக்கறது அமெரிக்காவுல. நீங்க என்னைப் பாக்கறதுக்குப் பதிலா ஜோசியரைப் பாத்திருக்கலாங்க" என்று அனுப்பிவிட்டார். வெளியே வந்ததும் உங்கப்பா அந்த ஜோசியர் யோசனையையும் கொஞ்சம் யோசித்தார், நான்தான் முறைத்து வண்டியை எடுக்கச் சொன்னேன்.

அத்தோடு நின்றிருக்கும். ஆனால் மனசு பொறுக்காமல் அவர் வாழப்பாடியில் இருக்கும் தன் தங்கச்சி கோகிலவாணியிடம் சொல்லிவிட்டார். உங்கத்தை காதில் போட்ட சேதி காற்றில் போட்ட பஞ்சு என்று உனக்குத் தெரியும். அடுத்த பஸ்ஸிலேயே தூதுவளை லேகியமும் நிலவேம்பும் இன்னும் பேர் தெரியாத வேர்களுமாக ஒரு கூடையோடு வந்து இறங்கிவிட்டாள். "எங்க ஊர்ல இதைத் தின்னு எழுந்து நடக்காதவங்களே இல்ல அண்ணி" என்று என் மூக்கடியில் லேகியத்தை நீட்டினாள். நோய் எனக்கில்லை, என் மகளுக்கு என்று சொல்லியும், பெற்றவள் சாப்பிட்டாலும் பிள்ளைக்குச் சேரும் என்று ஊட்டிவிட்டே போனாள். போகும்போது யார் யாருக்குப் போன் போட்டாளோ தெரியாது, சேதி நாமக்கல்லில் இருக்கும் உன் மாமியார் காதுக்குப் போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் கார் வந்து நின்றது. உன் மாமியார் ராஜம்மாள் இறங்கி வந்தார், உட்காருங்க என்றேன், உட்காரவில்லை, மோர் கொண்டுவந்தேன், தொடவில்லை. "ஏனுங் சம்பந்தி, புள்ளைக்கு நோவு இருக்குதுன்னு கண்ணாலத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க என்ன வேண்டாம்னா சொல்லியிருப்போம்? மறைச்சுப்போட்டீங்களே" என்று கேட்டபோது அந்தம்மா குரல் உடைந்துபோனது. கோபமாக வந்தவர் என்றுதான் நினைத்தேன், பார்த்தால் கண் இரண்டும் சிவந்து கிடந்தது, வழியெல்லாம் அழுதுகொண்டே வந்திருக்கிறார். உங்கப்பா தலை குனிந்து நின்ற நிற்பை நான் இதுவரை பார்த்ததில்லை சாமி, ரிக் வண்டி கவிழ்ந்து நஷ்டப்பட்ட வருசத்தில்கூட அவர் அப்படி நிற்கவில்லை. கடைசியில் அவரேதான், எதுவாக இருந்தாலும் மாப்பிள்ளை வாயாலேயே கேட்டுவிடலாம் என்று போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

அதற்கப்புறம் நடந்தது உனக்குப் பாதி தெரியும், மீதியைக் கேள். மாப்பிள்ளை தூக்கக் கலக்கத்தில் எடுத்தார். சௌமியாவுக்கு என்ன நோய், எந்த மருந்து கிடைக்கவில்லை, எங்களிடம் மறைக்க வேண்டாம் என்று உங்கப்பா தழுதழுத்தார். மாப்பிள்ளை, "மாமா, அது துப்பாக்கி மருந்துங்க" என்றார். "சௌமியா ரைபிள் கிளப்புல இருக்குதுங்க, தோட்டாவெல்லாம் ஊட்டுலயே அதுவே செஞ்சுக்குது, உள்ள போடற மருந்துக்குத்தான் தட்டுப்பாடு" என்றார். கிளப்பு கிளப்பு என்று நீ சொன்னபோதெல்லாம் நான் பெண்கள் கூடிப் பூ வேலை செய்கிற இடம் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தேன். உன் மாமியார் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார், உட்கார்ந்ததும் மோரை ஒரே மூச்சில் குடித்தார், குடித்துவிட்டு, "நோவுன்னாக்கூட வைத்தியம் பண்ணித் தேத்திப்போடலாமுங்க, மருமவ துப்பாக்கி தூக்கறதுக்கு எந்த லேகியத்தைக் குடுக்கறது" என்றார். உங்கப்பாவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மாட்டுக் கொட்டகைக்குப் போனார், ரொம்ப நேரம் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன், எருமையின் முதுகில் கை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். உனக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அந்த மனுசனுக்கு அழுகையே வந்திருக்கிறது. நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் திரும்பிவிட்டேன், நீயும் காட்டிக்கொள்ளாதே.

உங்கப்பா திரும்பி வந்த பிறகு நீ போனில் பேசினாய். எப்போதும் போடுகிற மருந்து இல்லை, கிளப்பில் ஒரு பெரியவர் தன்னிடம் மிச்சமிருந்ததைப் பழைய டப்பா ஒன்றில் போட்டுக் கொடுத்திருக்கிறார், மேலே பேரும் இல்லை ஒன்றும் இல்லை, இதுவும் அதே மாதிரிதான், அதே அளவு போடு என்கிறார், சனிக்கிழமை போட்டி, போட்டுப் பார்க்கலாமா என்று கை துறுதுறுக்கிறது என்றாய். அவருக்கு ஒன்றும் ஆகவில்லையா என்று உங்கப்பா கேட்டார். "அவரு துப்பாக்கி வேற, என்னுது வேறங்கப்பா. ஒரு மருந்து சட்டுனு எரியும், ஒண்ணு மெதுவா எரியும், பாக்கறதுக்கு ரெண்டும் ஒரே மாதிரி கருப்பாத்தான் இருக்கும், மாத்திப் போட்டா துப்பாக்கியே வெடிச்சுப்போகும்" என்று நீயே சொன்னாய். எல்லாம் தெரிந்துகொண்டும் கை துறுதுறுக்கிறது என்றால் என்ன அர்த்தம்? நான் திட்ட வாயெடுப்பதற்குள் உன் மாமியார் போனை வாங்கிக்கொண்டார். திட்டப்போகிறார் என்று பார்த்தேன். "சாமி, போட்டி அடுத்த வருசமும் வருமுங்க. கண்ணும் கையும் வருமா? அந்த டப்பாவை அந்தாளுகிட்டயே குடுத்துப்போடு. நீ செயிச்சுட்டு வரோணும்னு எனக்கும் ஆசைதான், ஆனா முழுசா வரோணும்" என்றார். நீ சரிங்கத்தை என்றாய். அந்தச் சரியில் இருந்த ஏமாற்றம் எனக்கு இங்கே கேட்டது. போட்டிக்குப் போகாமல் இருந்துவிட்டாய் என்று மாப்பிள்ளை அப்புறம் சொன்னார். இப்போது வேறொரு மருந்து சீல் உடைக்காத டப்பாவில் கிடைத்திருக்கிறது, உன் ரைபிளுக்கும் குண்டுக்கும் எவ்வளவு போடலாம் என்று மருந்து செய்கிற கம்பெனியே புத்தகத்தில் போட்டிருக்கிறது, அதில் சொன்ன குறைந்த அளவிலிருந்துதான் ஆரம்பித்திருக்கிறாய் என்றும் சொன்னார். நல்லது. மருந்து வைத்திருக்கும் அறையில் விளக்கேற்றாதே, ஊதுவத்தி வேண்டவே வேண்டாம், சாமி கோபித்துக்கொள்ளாது. போனைப் பார்த்துக்கொண்டே அளக்கவும் செய்யாதே.

இன்னொன்று, இதை உங்கப்பா சொல்லவே மாட்டார். ஆடிப் பண்டிகைக்கு உன் மாமியார் சேலம் வந்திருந்தார், நாங்கள் இரண்டு பேருமாகக் கோட்டை மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுப் பொருட்காட்சிக்குப் போனோம், உங்கப்பாவும் பின்னாலேயே வந்தார். அங்கே பலூன் சுடுகிற கடை இருந்தது. உங்கப்பா மகளுக்குச் சொல்லிக்கொடுத்ததே தான்தான் என்பதுபோல முதலில் போய் நின்றார், ஒரு பலூன் அசையவில்லை. துப்பாக்கி கோணல் என்றார். உன் மாமியார் எனக்கு வேண்டாம், நீங்களே சுடுங்க என்று பிகு பண்ணிவிட்டு ஒரு மஞ்சள் பலூனை உடைத்து, சின்னப் பிள்ளைபோலக் கை தட்டினார். பிறகு என் கையில் கொடுத்தார்கள். தோளில் வைத்து ஒரு கண்ணை மூடினேன். அவ்வளவு கூட்டம், அவ்வளவு பீப்பி சத்தம், எல்லாம் எங்கேயோ போய்விட்டது சௌமியா. அடுப்பும் மாடும், நாளைக்கு என்ன குழம்பு என்பதும், நீ தூரத்தில் இருக்கிறாய் என்பதும்கூட அந்த ஒரு மூச்சு நேரத்துக்கு என் மனசில் இல்லை. நானும் அந்தப் பலூனும்தான் இருந்தோம். பலூன் உடைந்தது. இதற்காகத்தான் நீ அந்தக் கிளப்புக்குப் போகிறாயா என்று அப்போது நினைத்துக்கொண்டேன், கண் கலங்கிவிட்டது, புகை பட்டுவிட்டது என்று உங்கப்பாவிடம் சொன்னேன். பலூன் துப்பாக்கியில் ஏது புகை என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் பதினாறும் பெற்று நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளி. தை மாதம் நீ இங்கே வர டிக்கெட் போட்டுவிட்டால் உடனே சொல், நீ திரும்பும்போது உன் மாமியாரும் நானும் சேர்ந்தே உன்னோடு அங்கே வந்து நீ சுடுவதைப் பார்ப்பதென்று முடிவு செய்திருக்கிறோம், உங்கப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
தீ. பழனியம்மாள்