இடது கை நரம்புகள்

12 நவம்பர் 2001, திங்கள்

கோச்சிங்கில் இன்று கை நரம்பு ஒன்றைத் தப்பாகச் சொன்னேன். பின் பெஞ்சிலிருந்த எம்.பி.பி.எஸ்.காரன் "ஜாவோ, தாந்த் தேக்கோ" என்று சிரித்தான். நான் போய்ப் பல்லைப் பார்க்க வேண்டுமாம். பல் மருத்துவத்தில் எங்களுக்குத் தலையையும் கழுத்தையும்தான் கரைத்துப் புகட்டினார்கள். அனாடமி மேற்படிப்பு நுழைவுத் தேர்விலோ முழு உடம்பையும் கேட்கிறார்கள். கேட்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் இடது கை முழுக்கப் பேனாவால் நரம்புகளை வரைந்து படித்தேன். அம்மா பதறிப்போனாள்.

"என்னடி கிறுக்கி வச்சிருக்கே? ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வராங்க. ஜல்தி கழுவு."

"வரட்டும்மா."

கழுவவில்லை. ஞாயிறுக்குள் அழிந்துபோனால் மறுபடி வரைந்துகொள்வேன். அந்தக் கை தெரியத்தான் காபித் தட்டை நீட்டுவேன்.