அந்த அவுஸ்திரேலியப் புத்தகம்

மகள் வேணுகா,

நான் பாடன் ரவுணுக்கு வேலைக்குப் போறன். புட்டும் கத்தரிக்காய்க் கறியும் அடுப்பில இருக்கு, சூடாக்கிச் சாப்பிடு. வெளிய போகேக்க வீட்டுத் திறப்பை மறந்திடாத.

நேற்று நீ நோமி எண்ட பெட்டையை விரும்புறன் எண்டு சொல்லேக்க, நான் கோப்பை கழுவிக்கொண்டு நிண்டன். கோபமில்லை. மனம் மரத்துப்போச்சு. இன்னும் அப்பிடித்தான் கிடக்கு.

நீ தந்த, டொச்சு மொழியில வந்த அவுஸ்திரேலியக் கதைப் புத்தகத்தை விடிய வாசிச்சு முடிச்சிட்டன். அதில வாற பழங்குடிப் பெட்டையும் உன்னை மாதிரித்தான், தான் ஒரு பெட்டையை விரும்புறன் எண்டு தன்ர சித்தியிட்டைச் சொல்லுறாள். சித்தி அழேல்லை, ஏசேல்லை. "அவள் எந்தச் சனம், ஆரின்ர பிள்ளை?" எண்டு மட்டும் கேக்கிறா. கலியாணம் பேசேக்க எங்கட ஆக்களும் முதல் இதைத்தானே கேக்கிறவை.

அம்மா

பி.கு: தயிர் பிரிட்ஜுக்குள்ள.

இன்னொண்டு. நோமி எந்த ஊர், ஆரின்ர பிள்ளை?