உன் அப்பா டி.வி.யில் சொன்ன வார்த்தை

அன்புள்ள மனாமிக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், கடையும் சுகம், உன் அப்பாவும் சுகம்தான், அவருடைய சுகம் மட்டும் கொஞ்சம் கூடிப்போய்விட்டது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஹொக்கைடோவில் பனி இன்னும் விடவில்லை என்று செய்தியில் பார்த்தேன், நீயும் மாப்பிள்ளையும் காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். நம் தோத்தொன்போரிக் கடைத்தெருவில் நடந்ததை உன் அத்தை உப்பு மிளகாய் சேர்த்து உனக்குச் சொல்வதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

நம் கடைக்கு நேர் எதிரே, கால்வாயின் அக்கரையில், நம்மைப் போலவே ஆக்டோபஸ் உருண்டை சுட்டு விற்கிற தகோயாகிக் கடை ஒன்று புதிதாக வந்திருக்கிறது. ஹிரோஷிமாவிலிருந்து வந்த அயனே என்ற பெண் நடத்துகிறாள், உன் வயதுதான் இருக்கும். வாசலுக்கு மேலே கண் சிமிட்டுகிற பெரிய ஆக்டோபஸ் பொம்மை. சாயங்காலம் விளக்கு போட்டதும் அவள் கடை வரிசை பாலம் வரைக்கும் வந்து நிற்கும். உன் அப்பா அதைப் பார்க்காத மாதிரியே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டிக்கொள்ளப் போகிறேன் என்று கிளம்பினார். வெட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, அது என் தப்பு. தெருமுனை திரும்பியதும் முகக்கவசம், கறுப்புக் கண்ணாடி, உன்னுடைய பழைய பேஸ்பால் தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு பாலம் ஏறி அந்த வரிசையில் போய் நின்றிருக்கிறார். அன்றைக்குப் பார்த்து டி.வி.க்காரர்கள் வந்திருக்கிறார்கள். நம் கடையில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள், மேலே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. பார்த்தால் உன் தொப்பி தெரிகிறது. முகக்கவசத்தை இறக்கி ஒரு உருண்டையை அப்படியே வாயில் போட்டவர், ஆவி பறக்க, மைக்கைப் பார்த்து, "நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு. இந்த மாதிரி நான் சாப்பிட்டதே இல்ல" என்கிறார். நம் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் குச்சியைக் கையில் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வெங்காயத்தாள் கடன் வாங்க வந்திருந்த நூடுல்ஸ் கடை ஓகினோ, "அக்கா, அண்ணன் வழுக்கையை மறைச்சாரு, குரலை மறைக்கலையே" என்றான்.

வியாபாரம் போய்விடும் என்று நான் கோபப்பட்டதாக நினைக்காதே. நம் கடை மாவும் சாறும் நான் கலக்குவது, கல்யாணமாகி வந்ததிலிருந்து. தினமும் முதல் உருண்டையை அவர்தான் ருசி பார்ப்பார், பார்த்துவிட்டு "ம்" என்பார். அந்த "ம்"முக்குள் எனக்கு வேண்டியதை எல்லாம் நானே போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் வாயில் அந்த வார்த்தை இருந்திருக்கிறது, வேறு இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் திரும்பி வந்ததும் கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் கல்லாவில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாளிலிருந்து மாவு அவர் கைமாவு. ஒரு வாடிக்கைக்காரர் இது திங்கிறதா, தூக்கி எறிந்து விளையாடுகிறதா என்றார். உன் அப்பா எனக்குப் பேரிக்காய் வாங்கி வந்தார், புகை போகிற விசிறியைத் துடைத்தார், கடை வைத்த நாளிலிருந்து அதைத் துடைத்ததே கிடையாது. நான் கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில் அந்த அயனேயே வந்து குனிந்து மன்னிப்புக் கேட்டாள். உன் மேல் என்னம்மா தப்பு, இந்த மனுஷன் எப்படி வாயைத் திறந்தார் என்று மட்டும் சொல் என்றேன். "சூடும்மா. வாய் வெந்துபோச்சு, அதான் திறந்தாரு" என்றாள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம், கரையில் நடக்க இடமில்லாத கூட்டம். வாசலில் நின்று சுடச்சுட வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினார். நான் நிமிர்ந்து பார்த்தேன். "எல்லாரும் கேளுங்க" என்று கத்தினார். "இங்க மாவு கலக்கறது என் சம்சாரம். இத்தனை வருஷமா தின்னுட்டு வெறும் ம்தான் சொல்லியிருக்கேன். நல்லாருக்கு. சொல்லிட்டா, இங்க எதுக்கு இருக்கணும்னு பெரிய கடையாப் பாத்துப் போயிடுவாளோன்னு பயந்தேன்."

நேரம் பார்த்து கால்வாயில் சுற்றுலாப் படகு வந்தது. அதில் வழிகாட்டியாக இருக்கிறானே தெத்சுயா, சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் நம் கடையிலேயே கிடப்பானே, அவன் ஒலிபெருக்கியில், "கடைக்காரம்மா, படகு நிக்காது, சீக்கிரம் பதில் சொல்லுங்க" என்றான். படகு முழுக்கக் கை ஆட்டுகிறார்கள். நம் ஊர் அணி பேஸ்பாலில் ஜெயித்தால் இந்தக் கால்வாய்த் தண்ணீரில் குதிக்கிற பைத்தியங்களைப் போல நானும் குதித்துவிடலாமா என்று இருந்தது. "உள்ள வாங்க, குழிக்கல்லு காயுது" என்றேன். மன்னிச்சாச்சாம் என்று அவன் ஊருக்கே அறிவித்துவிட்டான். பாலத்தின் மேலிருந்தெல்லாம் கைதட்டல். நான் திரும்பிக்கொண்டு வெங்காயத்தாள் நறுக்கினேன், கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தத் தாள் கண்ணைக் கரிக்காது என்று உன் அப்பாவுக்கும் தெரியும், நல்லவேளை ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது வந்திருப்பது வேறு தொல்லை. எதைக் கொடுத்தாலும் நல்லாருக்கு. தேநீர் நல்லாருக்கு, குளிக்க வைத்த வெந்நீர் நல்லாருக்கு. நேற்று வேண்டுமென்றே மிசோ விழுது போடாமல் வெறும் வெந்நீரில் தோஃபுவைப் போட்டு வைத்தேன். கிண்ணத்தைக் கவிழ்த்துக் குடித்துவிட்டு, ரொம்ப நல்லாருக்கு என்கிறார். என் சமையல் எப்படி இருக்கிறது என்று இனி நான் யாரைக் கேட்பது?

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் முகம் பார்த்து ஒருவர் பேசிக்கொண்டு நீண்ட நாள் இருக்க வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டுத் தூங்கு. மறக்காமல் அப்பாவுக்குப் போன் செய்து, வாரத்துக்கு ஒரு தடவை சொன்னால் போதும் என்று சொல். நீ சொன்னால் கேட்பார். அடியோடு நிறுத்தச் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா கினுவே